குரவம் பூக்கும் காலம்

தேசபக்தி என்பது கொடி வணக்கத்தோடும் ஜயகோஷத்தோடும் முடிந்துவிடுகிற விஷயம் அன்று. பிறந்த நாட்டின் மண்ணையும் மரத்தையும் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்திருப்பதும் தேசபக்தியில் ஒரு பகுதிதான். இந்தப் பரீட்சையில் நம்மில் எத்தனை பேர் தேறுவோம் என்று எண்ணிப் பார்த்தால் மனம் சற்றே கூசத்தான் செய்கிறது. ரோஜாவை அறிவோம், டேலியாவை அறிவோம். ஆங்கிலக் கவி ஒருவர் ஏரிக்கரையில் கண்டு களித்த டாபோடில் மலரை நம் வீட்டுக் குழந்தைகள் வகுப்பிலே மனப்பாடம் செய்து மார்க்கு வாங்குகிறார்கள். அந்த மலரைக் கண்ணால் கண்ட ஆசிரியர்கள் எத்தனை பேரோ, நாம் அறியோம். ஆனால் இளவேனிற் பருவத்தின் வரவைத் தமிழ் மக்களுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளாக அறிவித்து வந்த சிறு மலர் ஒன்று உண்டு. அது நம் ஊர் ஏரிக்கரைப் புதரில் இன்றும் மலர்கிறது. அதற்குப் பெயர் என்ன என்று கேட்டால் விழிக்கிறோம்.

அந்த மலர்தான் குரவம். குரா என்றும் குரவு என்றும் இதனைச் சொல்வதுண்டு. கிராமத்து ஜனங்கள் தரணி என்றும் தேரணி என்றும் அழைக்கிறார்கள். இதனைப் பற்றிச் சில வார்த்தைகள் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

மலரின் அங்க லட்சணம்

குரவம் ஒரு புதர்ச் செடி. நல்ல நிழலும் மண்ணும் வாய்த்தால் சிறு மரமாகவும் வளரும். ஓர் ஆள் உயரத்திலிருந்து இரண்டாள் உயரம் வரை இருக்கும். இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக அமைந்து, பளபளப்பாகவும் தடிப்பாகவும் காணப்படும். உலர்ந்தால் கறுத்துப் போகும். பச்சிலைப் பரிசோதகர்கள் இதனை அடையாளம் கண்டுகொள்ளும் வழிகளில் இதுவும் ஒன்று. மாசி மாதம் கழிந்து பங்குனி பிறக்கும் சமயத்தில், கிளைகளின் நுனியில் கொத்துக் கொத்தாக அரும்பு விடும். ஒவ்வொரு பூவும் ஒரு விரற்கடை அளவுதான். ஆனால் ஒரு கொத்திலே பல பூக்கள் நெருங்கி மலர்வதால் பச்சைப் புதரின் தலையில் யாரோ வெண்பட்டுத் துண்டைப் போட்டது போலத் தோன்றும்.

பூவின் அமைப்பு விசித்திரமானது. ஐந்து வெள்ளை இதழ்கள். அவை விரிந்தவுடன் பின்பக்கமாக மடிந்துகொள்கின்றன. நடுவிலிருந்து சூல்தண்டு நிமிர்ந்து இதழ்களுக்கு வெளியே நீண்டு நிற்கிறது. மலர்ந்தபோது பால் வெண்மை. வாடத் தொடங்கும்போது மங்கிய மஞ்சள். ஆகவே ஒரே கொத்திலே வெள்ளையும் மஞ்சளுமாக இரு நிறங்களைக் காணலாம். வாசனை மிதமானது, மல்லிகையைப் போல் தலையைச் சுற்ற வைப்பதன்று, காற்று வீசும் பக்கம் நின்றால் தானே வந்து சேருவது. தேனீயும் வண்ணத்துப் பூச்சியும் அதை நாடி வரும். பின்னர் பட்டாணி அளவில் பச்சைக் காய்கள் தோன்றிக் கரிய பழங்களாகக் கனியும். பறவைகள் அவற்றைத் தின்று விதைகளை வேறு புதர்களின் அடியிலே சேர்த்துவிடும். குரவத்துக்குத் தோட்டக்காரன் அந்தப் பறவைதான்.

சாஸ்திரக்காரர்கள் இதனைக் காப்பிக் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். வெட்சி, நுணா, நம் பழைய நெசவுத் தொழிலுக்குச் சிவப்புச் சாயம் தந்த சாயவேர் ஆகிய எல்லாம் இதற்கு உறவுமுறை. ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது பெரிய தாவர நூலிலேயே இச்செடிக்கு இடம் கொடுத்தார். பிற்காலத்தார் பெயரை மாற்றி மாற்றி வைத்து, முடிவில் ‘டரென்னா ஏஷியாட்டிகா’ என்று நிறுத்தினார்கள். ‘டரென்னா’ என்பது இலங்கையில் வழங்கிய பெயரிலிருந்து பிறந்தது என்பர். ஐரோப்பியப் பண்டிதர்கள் கீழ்நாட்டுப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். நாமோ நம்முடைய பெயரை மறந்துவிட்டு அவர்கள் எழுதியதைப் படித்துக்கொண்டிருக்கிறோம்!

புலவர்கள் கண்ட பாவை

குரவத்தை முதன்முதலில் கண்டுபிடித்தவர் லின்னேயஸ் என்று யாரேனும் சொன்னால் கபிலர் சிரிப்பார். குறிஞ்சிப்பாட்டில் அப்பெரும் புலவர் தொண்ணூற்றொன்பது மலர்களை வரிசைப்படுத்துகிறார். அந்த வரிசையில் குரவமும் இருக்கிறது. அதுவும் வெறும் பெயராக அன்று. கொத்துகள் நிறைந்தது என்ற அடைமொழியோடு. கிளை நுனியில் கொத்துக் கொத்தாக மலரும் இச்செடிக்கு அதைவிடப் பொருத்தமான அடைமொழியை இன்றைய தாவர நிபுணர்களும் கொடுக்க முடியாது.

ஐங்குறுநூற்றில் பாலைத் திணைக்குரிய நூறு பாடல்களைப் பாடியவர் ஓதலாந்தையார். அவற்றில் ஒரு பத்துக்கு இளவேனிற் பத்து என்றே பெயர். பொருள் தேடிப் பிரிந்து போன தலைவன், இளவேனில் வருமுன் திரும்புவேன் என்று சொல்லிச் சென்றிருக்கிறான். இளவேனில் வந்துவிட்டது, அவன் வரவில்லை. இளவேனில் வந்ததைத் தலைவிக்கு அறிவித்தது எது? பஞ்சாங்கம் அன்று. குரவம் தன் ‘பாவை’யை ஈன்றிருக்கிறது, ஊர்ப் பெண்கள் அதைப் பறிக்கும் பொழுது வந்துவிட்டது. அவ்வளவுதான், நாள் தவறிப் போயிற்று என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை. கையால் யாரும் வனையாமல் செடியே பெற்றுக் கொடுத்த பொம்மை என்று புலவர் அதைச் சிறப்பிக்கிறார். பின்னே மடிந்த இதழ்களையும் நிமிர்ந்த தண்டையும் ஒருமுறை உற்றுப் பார்த்தவர்களுக்கு, அந்தக் காலத்துச் சிறுமிகளின் கண்ணில் அது பாவாடை கட்டிய பொம்மையாகத் தோன்றியிருப்பதில் ஆச்சரியம் இராது. காசு கொடுத்து வாங்காத பொம்மை. ஆண்டுக்கொரு முறை காடே கொண்டுவந்து கொடுக்கும் பொம்மை!

இந்த ஐங்குறுநூறு ஏட்டுச் சுவடிகளில் செல்லரித்துக் கிடந்த நிலையில் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் தேடி எடுத்து 1903-ஆம் ஆண்டில் அச்சிட்டார்கள். ஏட்டிலிருந்த குரவத்தை அவர்கள் காப்பாற்றிவிட்டார்கள். காட்டிலுள்ள குரவத்தைக் காப்பாற்றும் பொறுப்பு நம்மைச் சேர்ந்தது.

குரா முருகப்பெருமானுக்கும் உகந்த மலர். திருக்கடையூருக்கு அருகிலுள்ள திருவிடைக்கழியில் குராமரத்தடியில் முருகன் கோயில் கொண்டிருக்கிறான். சேந்தனார் அத்தலத்தின் மீது திருவிசைப்பா பாடியிருக்கிறார். அருணகிரிநாதரும் குராவைத் தம் திருப்புகழில் மறக்கவில்லை. ஆக, அகப்பாட்டுப் புலவர்க்குப் பருவம் அறிவித்த பூவே பக்தர்களுக்கு ஆண்டவன் இருப்பிடமும் ஆயிற்று.

வடக்குப்பட்டு

இனி, இந்தப் பூவைத் தேடி வெகு தூரம் போகவேண்டியதில்லை. சென்னையிலிருந்து காஞ்சீபுரம் செல்லும் வழியில் ஸ்ரீபெரும்புதூர். பகவான் ராமாநுஜர் அவதரித்த ஸ்தலம். அவருடைய ஆக்ஞையை ஏற்று அனந்தாழ்வான் திருமலையிலே நந்தவனம் அமைத்துப் புஷ்ப கைங்கரியம் செய்தார் என்பது வைஷ்ணவர்கள் போற்றும் வரலாறு. பூவுக்கும் இந்த மண்ணுக்கும் அத்தகைய பந்தம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போகும் சாலையில் வல்லக்கோட்டை முருகனைத் தரிசித்துக் கொண்டு சென்றால் ஒரகடம் வரும். அதன் அருகிலுள்ள கிராமம்தான் வடக்குப்பட்டு.

2022-ஆம் ஆண்டு வரை இந்த ஊரின் பெயரை வெளியூரார் அதிகம் கேட்டதில்லை. அவ்வாண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் இங்கே அகழ்ந்து பார்த்தார்கள். கற்கால மனிதர் செதுக்கிய சிறு கற்கருவிகளும், பழைய மட்பாண்டத் துண்டுகளும், மணிகளும், சிறு பொன் அணிகளும் வெளிவந்தன. இந்த வட்டாரத்துச் செம்மண்ணுக்கும் செம்பூராங்கல்லுக்கும் இது புதிதன்று. இதே வட்டாரத்தைச் சேர்ந்த பல்லாவரத்தில் 1863-ஆம் ஆண்டில் ராபர்ட் புரூஸ் பூட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்ததை உலகம் அதன்பிறகே ஒப்புக்கொண்டது. இந்த மண்ணில் மனிதன் வெகு காலமாக வாழ்ந்திருக்கிறான் என்பதற்கு மண்ணுக்கு அடியில் உள்ள சாட்சி கல்லும் ஓடும். மண்ணுக்கு மேலே உள்ள சாட்சி இந்தப் பகுதியின் பழங்காடு. முதல் சாட்சியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பத்திரப்படுத்துகிறோம். இரண்டாவது சாட்சியைப் பொக்லைன் யந்திரத்தைக் கொண்டு வாரி எறிகிறோம்.

பழங்காடு என்றதும் வானளாவிய மரங்களையும் புலி, யானைகளையும் கற்பனை செய்ய வேண்டாம். இது குட்டையான காடு. சோழமண்டலக் கரையை ஒட்டி, ஒரு மெல்லிய நாடா போல இது ஓடுகிறது. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இதன் சகோதரக் காடுகள் உண்டு. வருஷத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு பல மாதங்கள் வறட்சி. இத்தகைய தேசத்தில் மரங்கள் கோடையிலே இலை உதிர்ப்பதுதான் நியாயம். ஆனால் இக்காட்டு மரங்கள் உதிர்ப்பதில்லை! தடித்த, மினுமினுப்பான இலைகளால் நீரைப் பூட்டி வைத்துக்கொண்டு, வெயிலிலும் பச்சையாகவே நிற்கின்றன. இதனால் தாவர நிபுணர்கள் இதற்கு வறண்ட பசுமைமாறாக் காடு என்று பெயரிட்டார்கள். சாம்பியன் என்ற வன அதிகாரி 1936-ல் இந்தியக் காடுகளை வகைப்படுத்தி எழுதிய நூலில் இதற்குத் தனி இடம் கொடுத்தார். பாலை மரமும், நீலப் பூப் பூக்கும் காயாவும், குரவமும் இக்காட்டின் குடிமக்கள். சித்திரை வெயிலில் நாம் மின்விசிறியின் கீழ் தவிக்கும்போது, அந்த வெயிலையே முகூர்த்தமாகக் கொண்டு மலர்வது குரவம். ஏழை வீட்டுக் கல்யாணத்தைப் போல ஆரவாரமில்லாத, ஆனால் குறைவில்லாத வைபவம் அது.

தரிசு என்ற ஒரு சொல்

இந்தக் காடுகள் எப்படிக் குறைந்தன? கோடரியால் மட்டும் அல்ல; ஒரு சொல்லாலும் குறைந்தன. வெள்ளைக்காரர் ஆட்சியில் நிலத்தை வரியின் கண்கொண்டே பார்த்தார்கள். உழுது வரி கட்டினால் நிலம், இல்லாவிட்டால் தரிசு. 1882-ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டத்தின் கீழ் காப்புக் காடுகளாக எல்லை கட்டப்பட்ட இடங்கள் பிழைத்தன. ஊருக்குப் பொதுவான புதர்க்காடுகளும், மேய்ச்சல் நிலங்களும், ஏரிக்கரைகளும் புறம்போக்கு, தரிசு என்ற தலைப்புகளில் அடங்கின. வெள்ளைக்காரர் போனார்கள், அவர்கள் வைத்துப் போன சொல் போகவில்லை. சுயராஜ்யம் வந்த பிறகும் தாலுக்கா ஆபீஸ் கணக்கில் குரவம் பூக்கும் இடம் ஒன்றுக்கும் உதவாத இடமாகவே இருந்து வந்திருக்கிறது.

1971-ல் தமிழ்நாட்டில் சிப்காட் என்ற தொழில் வளர்ச்சி ஸ்தாபனம் பிறந்தது. அதன் வளாகங்கள் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று வரிசையாக எழும்பின. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் வண்டிகள் உற்பத்தியாகத் தொடங்கின. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா டெலிபோன் தொழிற்சாலை வந்தது. 2014-ல் அது மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸான், 2012-ல் டெய்ம்லர் லாரி, 2013-ல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் என்று அடுத்தடுத்துத் தொழிற்சாலைகள் திறக்கப்பட்டன.

தொழில் வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. நம் நாட்டில் மொட்டு ஊசி கூடச் செய்ய முடியாது என்று பிறர் பரிகசித்த காலம் ஒன்று இருந்தது. இன்று உலகத்துச் சாலைகளில் ஓடும் வண்டிகளை நம் பிள்ளைகள் செய்து அனுப்புகிறார்கள். இதைக் கண்டு பெருமைப்படாதவன் தமிழன் அல்லன். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நோக்கியா தொழிற்சாலை வந்து மூடப்பட எட்டு ஆண்டுகள் போதுமாயிருந்தன. குரவம் வளரும் காடு ஒன்றை அழித்துவிட்டு அதைத் திரும்ப உண்டாக்க எட்டு ஆண்டுகள் போதா. தொழிற்சாலை போனால் இன்னொரு தொழிற்சாலை வரும். காடு போனால் அதன் இடத்தில் வருவது காடு அன்று, சீமைக் கருவேலம்.

சென்ற பங்குனியில் வடக்குப்பட்டுப் பக்கம் போயிருந்தபோது, ஏரிக்கரை ஓரமாக ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியோடு பேச நேர்ந்தது. வெள்ளைக் கொத்துகள் நிறைந்த புதரைக் காட்டி, “பாட்டி, இது என்ன பூ?” என்று கேட்டோம்.

“தரணிதான், ஐயா. இதைப் போய்ப் படம் எடுக்கிறீங்களே!” என்று சிரித்தாள் அவள். பிறகு தூரத்தில் தெரிந்த நீண்ட மதிலைச் சுட்டிக்காட்டி, “நான் வாழ்க்கைப்பட்டு வந்தப்போ அது மட்டும் இதே காடுதான். தரிசுன்னு காயிதத்துலே எழுதியிருந்ததாம், எடுத்துக்கிட்டாங்க. தரிசுன்னா ஒண்ணுமே இல்லாத இடம்தானே, ஐயா? அப்போ இத்தனை வருஷமா எங்க ஆடு என்னத்தைத் தின்னுச்சு?” என்றாள்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஆபீஸ் எது என்று நமக்குத் தெரியவில்லை. அவள் பேரன் மதிலுக்கு அந்தப் புறத்தில் ஒப்பந்தக் கூலியாக வேலை செய்கிறான் என்பதையும் அவளே சொன்னாள். சம்பளம் வருகிறது என்று சொன்னபோது அவள் முகத்தில் வருத்தம் இல்லை. ஆட்டுக்குத் தழை இல்லை என்று சொன்னபோது இருந்தது. இரண்டும் உண்மை. ஒன்றுக்காக மற்றொன்றை மறைப்பது நேர்மையாகாது.

அழகுச் செடிகளின் படையெடுப்பு

வேடிக்கை என்னவென்றால், காட்டை எடுத்த இடத்தில் பசுமையே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. பெரிய தொழில் வளாகங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி அளிக்கும்போது, பரப்பில் ஒரு பங்கைப் பசுமையாக வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது வழக்கம். நல்ல நிபந்தனைதான். ஆனால் அங்கே நடப்படுவது பெரும்பாலும் எது? கடல் கடந்து வந்த புல்தரை, நிழல் தராத அலங்காரப் பனை, நாள்தோறும் தண்ணீர் கேட்கும் வண்ணச் செடி! மழை நீரைக் கொண்டே பிழைத்துப் பூக்கும் குரவத்தை வேரோடு பறித்துவிட்டு, லாரித் தண்ணீர் ஊற்றிப் பிற தேசத்துச் செடியை வளர்க்கிறோம். அந்நியத் துணியைத் தீயிட்டுக் கதர் உடுத்தினோம். தோட்டத்திலே மட்டும் அந்நிய மோகம் நம்மை விடவில்லை.

இந்த மோகத்தின் பலனை நாம் முன்பே அநுபவித்திருக்கிறோம். உண்ணிச்செடி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரத் தோட்டத்துக்கு அழகுச் செடியாகத்தான் வந்தது. இன்று பாரத தேசத்துக் காடுகளில் அது புகாத இடம் அரிது. விறகுக்கு என்று வரவேற்கப்பட்ட சீமைக் கருவேலம் நம் ஏரிகளையே விழுங்கிவிட்டது. விருந்தாளி வீட்டுக்காரனை வெளியே தள்ளிய கதைதான்.

செய்யக்கூடியது என்ன?

ஜப்பானியர் செர்ரி மலரைக் கொண்டாடும் விதத்தை உலகமே அறியும். கியோட்டோ நகரில் அது பூத்த நாட்களைக் குறித்து வைத்த செய்திகள் ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கின்றன. பூமியின் உஷ்ணம் ஏறி வருவதை ஆராயும் விஞ்ஞானிகளுக்கு இன்று அந்தப் பழங் குறிப்புகள் பெரும் பொக்கிஷமாக இருக்கின்றன; பூ முன்னைவிடச் சீக்கிரம் மலர்வதை அவை எடுத்துக் காட்டுகின்றன. நம் புலவர்களும் பூவைக் கொண்டு பருவத்தைக் குறித்தவர்களே. அந்த வழக்கத்தை நாம் விட்டுவிட்டோம். நம் பள்ளிக்கூடங்கள் ஒவ்வொன்றும் குரவம் முதலில் மலர்ந்த நாளைச் சுவரில் எழுதி வரலாம். இதற்குச் சர்க்கார் உத்தரவும் வேண்டாம், பணமும் வேண்டாம். ஒரு சாக்குக் கட்டியும் இரண்டு கண்களும் இருந்தால் போதும்.

நட்டு வளர்ப்பதும் அசாத்தியமன்று. நன்றாகக் கறுத்துப் பழுத்த பழத்தைப் பிசைந்து, விதையைக் கழுவி, நிழலிலே நாற்றுவிட வேண்டும். அவசரம் ஆகாது, இது மெதுவாக வளரும் செடி. முதல் ஓரிரு கோடைகளில் தண்ணீர் காட்டினால், பிறகு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். புதுச்சேரிக்கு அருகே 1968-ல் தோன்றிய ஆரோவில்லில் குடியேறியவர்கள், மண் அரித்துச் செந்நிறப் பாழாகக் கிடந்த பூமியில் இந்த வறண்ட பசுமைமாறாக் காட்டு மரங்களையே தேடித் தேடி நட்டு, மறுபடியும் நிழல் உண்டாக்கிக் காட்டியிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் அவர்களில் பலர். நம் மரத்தின் அருமையை அவர்கள் சொல்லித்தானா நாம் தெரிந்துகொள்ள வேண்டும்?

சர்க்காரும் சும்மா இருந்துவிடவில்லை. 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பசுமை இயக்கம் தொடங்கப்பட்டது. மாநிலத்தின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மரப் போர்வை உண்டாக்குவது என்றும், அதற்கு நம் நாட்டு மரங்களையே நடுவது என்றும் சங்கற்பம் செய்துகொண்டார்கள். இந்த இயக்கத்தின் நாற்றுப் பண்ணைகளில் தேக்கோடும் புங்கத்தோடும் குரவத்துக்கும் ஒரு மூலை கொடுக்கவேண்டும் என்பது நம் விண்ணப்பம். தொழிற்சாலை முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் மதிலுக்குள் நீங்கள் காட்டவேண்டிய பசுமையில் பாதியையாவது, அந்த மதில் எழும்புவதற்கு முன் அங்கே என்ன இருந்ததோ அதைக் கொண்டே நிரப்புங்கள். நஷ்டம் ஒன்றும் இல்லை. தண்ணீர்ச் செலவு மிச்சம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இருப்பதைக் காப்பது நடுவதைவிடச் சுலபம். ஏரிக்கரைப் புதரையும் கோயிலைச் சார்ந்த சிறு தோப்பையும் ‘சுத்தம்’ செய்கிறோம் என்று வழித்துவிடாமல் இருந்தாலே பாதிக் காரியம் முடிந்தது. காப்புக் காட்டுக்குள் மட்டும் பூ பிழைத்தால் போதாது. சிறுமிகள் கைக்கு எட்டும் இடத்திலே பூத்தால்தான் அது பாவையாகும்; எட்டாத இடத்தில் பூத்தால் அது தாவர நூலில் ஒரு பெயர்.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் பங்குனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டை முருகனைச் சேவிக்கப் போகிறவர்கள், திரும்பும் வழியில் வண்டியை ஐந்து நிமிஷம் நிறுத்துங்கள். ஏரிக்கரையிலோ காட்டு ஓரத்திலோ வெள்ளையும் மஞ்சளுமாகக் கொத்து விட்ட புதர் கண்ணில் படலாம். பறிக்க வேண்டாம், குழந்தையைத் தூக்கி அருகிலே காட்டுங்கள். இதழ் பின்னே மடிந்திருப்பதையும், தண்டு நிமிர்ந்து நிற்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். “இதன் பெயர் குரவம்” என்று சொல்லிக் கொடுங்கள். பெயர் தெரிந்த ஒன்றைத் தரிசு என்று எழுத அந்தக் குழந்தையின் கை நாளைக்குச் சற்றுத் தயங்கும்.